ஊர்ப் பொதுநிலத்தையும் நீர்நிலையையும் ஊரே காத்துப் பயன்படுத்துவதற்கான வழிமுறை

மாடு மேய்ந்த மேய்க்கால், கதிர் அடித்த களம், மழைநீர் இறங்கி வந்த ஓடை, அந்த நீரைத் தேக்கிய கண்மாய், குடிநீர் எடுத்த ஊருணி, விறகு பொறுக்கிய தோப்பு, பிணம் எரித்த மயானம் ஆகிய எல்லாமே தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் புறம்போக்கு என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. இவற்றில் எந்தத் துண்டு நிலமும் காரணமின்றி ஒதுக்கப்பட்டதன்று. ஒவ்வொன்றுக்கும் ஊர் மக்களின் ஒரு தேவை அடிப்படையாக இருந்தது. அந்தத் தேவை குறைந்து மக்கள் அங்கே போவது நின்ற பிறகுதான் நிலம் பறிபோகிறது. முதலில் மேய்ச்சல் நிற்கிறது, பிறகு எல்லை மறக்கப்படுகிறது, ஆக்கிரமிப்பாளரின் வேலி கடைசியாகத்தான் வருகிறது. ஆகவே பொதுநிலத்தைக் காக்க விரும்பும் ஊர், வேலியைப் பிடுங்குவதில் தொடங்காமல், எல்லையை அறிவது, பயன்பாட்டை மீட்பது, அதற்கு விதி வகுப்பது, அதன் பிறகு ஆக்கிரமிப்பை அகற்றுவது என்ற வரிசையில் செல்ல வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. வழக்குப் போட்டு மீட்ட நிலத்தில் மீண்டும் யாரும் மேய்க்கவில்லை என்றால், சில ஆண்டுகளில் அதே இடத்தில் வேறொருவரின் வேலி எழுந்து நிற்கும்.

ஆவணங்களிலிருந்து தொடங்குதல்

ஊரின் பொதுநிலம் எது என்பதற்கு முதல் சான்று 'அ' பதிவேடு. கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் நன்செயா, புன்செயா, புறம்போக்கா என்ற வகைப்பாடு, ஹெக்டேர்–ஏர் அளவில் பரப்பு, தீர்வை என்ற நிலவரி, பட்டாதாரர் பெயர், கடைசிப் பத்தியில் குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். புறம்போக்கு நிலங்களுக்கு அந்தக் குறிப்புப் பத்தியில்தான் மேய்க்கால், களம், வண்டிப்பாதை, ஓடை, ஊருணி, மயானம் என்ற விவரம் எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையத்தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்து 'அ' பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் எவரும் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு எண்ணாகத்தான் தேட முடியும். முழுப் பதிவேட்டின் நகலும் கிராம வரைபடமும் வேண்டுமானால், கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ நேரில் கேட்கலாம். கிடைக்கவில்லை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் வருவாய்த் தீர்வாயமான ஜமாபந்தியும் இதற்கு நல்ல வாய்ப்பு. கிராமக் கணக்குகள் யாவும் அன்று மேசைக்கு வருவதால், நேரில் மனுக் கொடுத்துக் கேட்பது எளிது.

இன்றைய பதிவேட்டோடு நிறுத்திவிடக் கூடாது. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல கிராமங்களின் உட்பிரிவுகளும் பெயர்களும் மாற்றி எழுதப்பட்டன. பொதுநிலத்தின் ஒரு பகுதி தனியார் பெயருக்குப் போனதும், ஓடையின் அகலம் குறைந்ததும், வண்டிப்பாதை அருகிலுள்ள புன்செயோடு சேர்ந்ததும் அப்போது நேர்ந்த பிழைகளில் அடங்கும். எனவே அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலையும், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டையும் கேட்டுப் பெற்று, இரண்டையும் அருகருகே வைத்துப் பரப்பைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தத்தில் குறைவு தெரிந்தால் அந்தக் குறைவு எந்த உட்பிரிவுக்குப் போனது என்று தேடுவது பொறுமை வேண்டும் வேலைதான். ஆனால் பின்னால் கோட்டாட்சியரிடமோ நீதிமன்றத்திலோ நிற்கும்போது இதைவிட வலுவான சான்று வேறில்லை. இராமநாதபுரம், சிவகங்கை போன்ற பழைய ஜமீன் பகுதிகளில், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த நிலவரித் திட்டப் பதிவுகளையும் தேடிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, ஒவ்வொரு நிலத்தின் பொறுப்பும் யாரிடம் இருக்கிறது என்று பிரித்து எழுத வேண்டும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 134ஆவது பிரிவின்படி, ரயத்துவாரிப் பகுதிகளில் (உழவர் நேரே அரசுக்கு வரி கட்டிய பகுதிகளில்) மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, இடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கிராம ஊராட்சிக்கு உண்டு. கண்மாய்களில், 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை பொதுவாக நீர்வளத் துறையிடமும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். கோயில் நிலமும் வனத்துறை நிலமும் தனிச் சட்டங்களுக்கு உட்பட்டவை. அவற்றை இந்தப் பட்டியலில் கலக்காமல் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியது, 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்று பதிவேட்டில் இருக்கும் நிலம். தலைமுறைகளாக ஊர் மாடுகள் அங்கே மேய்ந்திருக்கும். ஆனால் கணக்கில் அது மேய்க்கால் அன்று. அரசு விரும்பினால் வேறு பயன்பாட்டுக்கு ஒப்படைக்கக்கூடிய நிலம் அது. ஊரார் தங்கள் மேய்க்கால் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே அது கைமாறுவது இந்த வகைப்பாட்டினால்தான். அப்படிப்பட்ட நிலத்தின் புல எண், பரப்பு, தற்போதைய பயன்பாடு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அதை மேய்க்கால் புறம்போக்காக வகை மாற்றம் செய்யக் கோரும் தீர்மானத்தைக் கிராம சபையில் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவது, வேலி எழுவதற்கு முன்பே செய்ய வேண்டிய பணி.

எல்லையை நடந்து பார்த்தல்

காகிதத்தில் உள்ளதை நிலத்தில் பொருத்திப் பார்க்க, கிராம வரைபட நகலோடு ஊர் எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். இந்த நடைக்கு ஊராட்சித் தலைவரும் படித்த இளைஞர்களும் மட்டும் போனால் போதாது. ஆடு மேய்ப்பவர், மடையைத் திறந்து அடைத்த பழைய நீர்ப்பாய்ச்சி, கண்மாய் உள்வாயில் (நீர் தேங்கும் உட்பகுதியில்) மீன் பிடிப்பவர், விறகுக்கும் கீரைக்கும் போகும் பெண்கள் ஆகியோர் கட்டாயம் உடன் வர வேண்டும். எந்த ஓடை எந்த மழையில் எப்படித் திரும்பும், எந்தக் கல் எப்போது பிடுங்கப்பட்டது என்பதை அவர்கள்தான் அறிவார்கள். காணாமற்போன எல்லைக் கற்களையும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களில் குறுகியவற்றையும், உழவுக்குள் போன வண்டிப்பாதையையும் நகலில் வண்ணப் பென்சிலால் குறிக்க வேண்டும். கைப்பேசியில் எடுக்கும் இடக்குறிப்புகளும் படங்களும் நினைவுக்கு உதவும். ஆனால் எல்லைத் தகராறு வந்தால் நில அளவர் புலப்படத்தின்படி அளந்து நட்ட கல்லே செல்லும். பொதுநிலத்தை அளந்து கல் நட வேண்டும் என்று ஊராட்சித் தீர்மானத்துடன் வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, அளவை நடக்கும் நாளை ஊருக்கெல்லாம் அறிவித்து, அருகிலுள்ள பட்டாதாரர்கள் முன்னிலையில் அளக்கச் செய்தால் பின்னாளில் எழும் சச்சரவுகளில் பாதி அன்றே முடிந்துவிடும்.

நடந்து திரும்பிய பிறகு எழுத வேண்டியது பயனாளர் பட்டியல். பெரும்பாலான முயற்சிகள் இந்தப் பட்டியலை விட்டுவிடுவதால்தான் சறுக்குகின்றன. ஒவ்வொரு பொதுநிலத்துக்கும் யார், எந்த மாதத்தில், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று வீடுவாரியாகக் கேட்டு எழுத வேண்டும். ஒரே கண்மாயை எடுத்துக்கொண்டால், ஆயக்கட்டு விவசாயிக்கு அது பாசன நீர், நிலமில்லாத குடும்பத்துக்கு அது கோடை மேய்ச்சல், மீன், விறகு, குயவருக்கு மண், சலவைத் தொழிலாளிக்குத் துறை, ஊர் ஊராக ஆட்டு மந்தையோடு வந்து கிடை போடும் கீதாரிக்குத் தை, மாசி மாதத் தங்கல். ஆயக்கட்டுதாரர் மட்டும் கூடி விதி வகுத்தால் மற்றவர்களின் உரிமை விதியிலேயே அழிந்துபோகும். அப்படி அழிக்கப்பட்டவருக்கு அந்த விதியை மதிக்க எந்தக் காரணமும் இராது.

பழைய ஏற்பாடுகளைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் ஏரி வாரியம் என்ற ஊர்க்குழுவும், பின்னாளில் குடிமராமத்து என்று அறியப்பட்ட கூட்டுழைப்பும் நாம் பெருமைப்படத் தக்கவை. ஆனால் அந்தக் கூட்டுழைப்பில் மண் சுமந்தவர்களும், இரவில் மடையைக் காத்தவர்களும் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினராக இருந்தார்கள். அவர்களுக்கு அந்த நீரில் பங்கு கிடைக்கவில்லை. பல ஊர்களில் பொது ஊருணியில் குடம் முக்கும் உரிமைகூட மறுக்கப்பட்டது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இந்த வழக்கத்துக்கு அரசின் கட்டாயத்தையும் சேர்த்தது. இன்று ஓர் ஊர் பழைய முறையை மீட்க விரும்பினால், சமமான பங்கும் உழைப்புக்குக் கூலியும் இல்லாத பகுதியை விட்டுவிட்டு மீட்க வேண்டும். பயனாளர் குழுவில் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்கள், பெண்கள், நிலமில்லாதவர்கள் ஆகியோர் இடம்பெறுவது அறம் மட்டுமன்று, நடைமுறைத் தேவையும்கூட. கண்மாய்க் கரையில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்களே. கரையில் நடப்பது முதலில் அவர்கள் கண்ணில்தான் படும்.

கிராம சபையில் பதிவு செய்தல்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. இவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் நீர்நிலை பற்றிய பொருளை அன்று வைப்பது பொருத்தம். கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு உண்டு. மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். தீர்மானத்தில் "பொதுநிலங்களைப் பாதுகாக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. புல எண், பரப்பு, வகைப்பாடு, எல்லை, பயன்பாடு, பயனாளர், கோரும் நடவடிக்கை, அதைச் செய்ய வேண்டிய அலுவலர் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, பொதுச் சொத்துப் பட்டியலையே தீர்மானத்தின் இணைப்பாகச் சேர்த்து, கையெழுத்திட்ட நகலை அன்றே பெற்றுக்கொள்ள வேண்டும்.

இத்தகைய தீர்மானங்களுக்கு வலுவில்லை என்று சோர்வாகப் பேசுபவர்கள் உண்டு. அவர்களுக்கு அரிட்டாபட்டியின் அனுபவமே பதில். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.42 ஹெக்டேர் நிலப்பரப்பு 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024இல் நடந்தபோது, சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. மக்கள் தொடர்ந்து போராடினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. குன்றும் சுனையும் கண்மாயும் தங்கள் வாழ்வில் எப்படிப் பயன்படுகின்றன என்பதை அம்மக்கள் விவரமாகச் சொல்ல முடிந்தது. அந்த விவரமே அவர்களின் வலிமையாக இருந்தது.

மேய்ச்சலுக்கு விதி

ஒரு மேய்க்கால் எத்தனை கால்நடைகளைத் தாங்கும் என்பதைப் புத்தகக் கணக்கிலிருந்து எடுக்காமல், அந்த நிலத்தைப் பார்த்தே முடிவு செய்வது நல்லது. கோடையில் புல்லின் தூர் தெரியாமல் மண் மட்டும் தெரிந்தால் சுமை அதிகம் என்று பொருள். முதல் ஆண்டில் நிலத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, மழை விழுந்து புல் முளைத்துப் பூத்து விதை உதிரும் வரை ஒரு பகுதியை மட்டும் மூடி வைக்கலாம். அடுத்த ஆண்டு மற்றொரு பகுதியை மூட வேண்டும். மூடிய பகுதிக்கு முள்வேலி போடுவதைவிட, எல்லையில் சுண்ணாம்பு பூசிய கற்களை நட்டு ஊர்க்கூட்டத்தில் அறிவிப்பது செலவு குறைந்த வழி. ஆடு மேய்ப்பவர்களே அந்த முடிவில் பங்கெடுத்திருந்தால் அதுவே போதும். மூடிய பகுதியில் கொழுக்கட்டைப் புல் விதையையும் முயல் மசால் விதையையும் முதல் மழைக்கு முன் தூவலாம். வெள்வேல், நாட்டுக் கருவேல் கன்றுகளை இடைவெளி விட்டு நட்டால், புல் காய்ந்த கோடையில் அவற்றின் காய்கள் ஆடுகளுக்குத் தீவனமாகும்.

வீட்டுக்கு எத்தனை மாடு என்ற கேள்வியில்தான் சண்டை வரும். சுவிட்சர்லாந்தின் தொர்பெல் என்ற மலைக் கிராமத்தில் 1517ஆம் ஆண்டிலேயே ஒரு விதி எழுதப்பட்டிருந்தது: தன் சொந்தத் தீவனத்தைக் கொண்டு குளிர்காலத்தில் எத்தனை மாடுகளைக் காக்க முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே ஒருவர் பொது மேய்ச்சல் மலைக்கு அனுப்பலாம். உலகெங்கும் இத்தகைய பொதுவள அமைப்புகளை ஆராய்ந்து, 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் இந்த ஊரைத் தம் முக்கிய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகக் கொண்டார். நம் ஊரில் இதை அப்படியே வைத்தால் வைக்கோல் போர் உள்ள நிலக்கிழாருக்கே மேய்ச்சல் முழுவதும் போய்விடும். எனவே திருத்தி வைக்க வேண்டும்: நிலமில்லாத குடும்பத்துக்கு இத்தனை ஆடு, இத்தனை மாடு என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியிருப்பதை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம், அளவுக்கு மேல் ஓட்டி வருபவர் தலைக்கு இவ்வளவு என்று ஊர்ப் பொதுவில் செலுத்தலாம். வெளியூர்க் கிடையை முற்றாகத் தடுப்பது தவறு. எந்த மாதத்தில், எந்த வழியில், எத்தனை நாள் என்று கீதாரியோடு முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டால், ஊருக்கு எருவும் கிடைக்கும், மூடிய பகுதியும் தப்பும்.

கண்மாய்க்கு விதி

கண்மாய்ப் பணி என்றாலே உள்வாயில் பொக்லைன் இறங்குவது என்று ஆகிவிட்டது. நீர் வராத கண்மாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அது பள்ளமே. எனவே வரத்துக்கால் முதலில், கலுங்கும் (மிகைநீர் வழியும் இடம்) மடையும் இரண்டாவது, கரை மூன்றாவது, தூர் வாருதல் கடைசி என்ற வரிசையை ஊர் மாற்றக் கூடாது. வரத்துக்காலை மேல் ஊர்க் கண்மாயின் கலுங்கு வரை நடந்து பார்த்து, எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று குறித்து, மேல் ஊரோடும் கீழ் ஊரோடும் பேச வேண்டும். ஒன்றன் நீர் அடுத்ததற்குப் போகும் கண்மாய்ச் சங்கிலித் தொடரில் ஓர் ஊர் கலுங்கின் மட்டத்தை உயர்த்தினால் அடுத்த ஊர் காய்ந்துபோகும்.

வண்டல் எடுப்பதற்கு அரசு அனுமதி தருகிறது. விவசாயப் பயன்பாட்டுக்கு நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்ற அளவும், மண்பாண்டத் தொழிலாளருக்கு 60 கன மீட்டர் என்ற அளவும் வகுக்கப்பட்டுள்ளன. அனுமதி இருந்தாலும் ஊர் தன் விதியை மேலே சேர்க்க வேண்டும். கரை அடியிலிருந்தும் மடையிலிருந்தும் நல்ல இடைவெளி விட்டுத்தான் எடுக்க வேண்டும். குழி குழியாக இல்லாமல் பரவலாக எடுக்க வேண்டும். கருமண் முடிந்து மணல் தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அடிக்களிமண் படலம் உடைந்த கண்மாயில் நீர் நிற்காது. எத்தனை டிராக்டர் நடை, யாருடைய வயலுக்கு என்று பயனாளர் குழுவைச் சேர்ந்த ஒருவர் கரையில் உட்கார்ந்து எழுத வேண்டும். விவசாயத்துக்கு என்று அனுமதி பெற்றுச் செங்கல் சூளைக்கு மண் போவதைத் தடுக்க இந்த ஒரு நோட்டுப் புத்தகமே உதவும்.

நீர்ப் பங்கீட்டில் இரண்டு விதிகளை முன்பே எழுதி வைக்க வேண்டும்: கண்மாய் நிறைந்த ஆண்டுக்கு ஒன்று, நிறையாத ஆண்டுக்கு ஒன்று. நிறைந்த ஆண்டில் தலைமடையிலிருந்து கடைமடை வரை முறை வைத்துப் பாய்ச்சினால் போதும். குறைந்த ஆண்டில் எல்லோரும் முழுப் பரப்பிலும் நாற்று விட்டுவிட்டுப் பின்னர் கருகவிடுவதைவிட, நீர் மட்டத்தை அளந்து, ஒவ்வொருவரும் தம் நிலத்தில் எத்தனை பங்கு மட்டும் நடலாம் என்று நடவுக்கு முன்பே ஊர் முடிவு செய்வது மேல். கால்நடைக்கும் மீனுக்கும் உள்வாயில் விட்டுவைக்க வேண்டிய நீர்மட்டத்தை ஒரு கல்லில் குறித்து, அதற்குக் கீழே மடையைத் திறப்பதில்லை என்ற விதியும் அதோடு சேர வேண்டும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்ப்பாய்ச்சி ஒருவரின் பொறுப்பாகவே இருக்க வேண்டும். அவருக்கு ஏக்கர் கணக்கில் நெல்லாகவோ பணமாகவோ ஊதியம் அறுவடையன்றே தரப்பட வேண்டும். அவர் யாருக்காகவும் முறையை மாற்றினால் அவரைக் கேட்கும் உரிமை கடைமடை விவசாயிக்கு முதலில் இருக்க வேண்டும்.

மீன் பாசி (மீன்பிடி உரிமை) ஏலம், கரையிலுள்ள புளி, பனை மரங்களின் மகசூல், உள்வாயிலுள்ள கருவேல மரங்கள் ஆகியவற்றின் வருமானம் யாருக்குப் போக வேண்டும் என்பது துறைக்குத் துறை மாறும்; ஏலம் விடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை அந்தந்தக் கண்மாய்க்குக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே ஊர் முடிவெடுக்க வேண்டும். புறம்போக்கில் மரம் வளர்த்து அதன் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்ற ஏற்பாடு உண்டு. நிலமில்லாத குடும்பங்களுக்கு அதைப் பெற்றுத் தர ஊராட்சி உதவலாம்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி ஒரு சொல். அதை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பகுதிகளில் கரிமூட்டம் போட்டும் விறகு வெட்டியும் வாழும் குடும்பங்கள் இருக்கும்போது ஒரே கோடையில் முழுவதையும் பெயர்த்தெடுப்பது அவர்களின் வருமானத்தைப் பறிப்பதாகும். வரத்துக்கால், மடை முகம், கலுங்கு ஆகிய இடங்களில் முதலிலும், உள்வாயில் பகுதி பகுதியாகப் பின்னரும் வேரோடு எடுத்து, எடுத்த இடத்தில் அதே பருவத்தில் நாட்டு மரமோ புல்லோ வைக்க வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் அடர்த்தியாகத் தழைத்துவிடும். காய் தின்ற மாட்டின் சாணத்திலும் விதை முளைக்கும். ஆகவே ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்கும் வேலை தொடர்ந்து நடக்க வேண்டும்.

காவலும் தண்டமும்

விதியை மீறியவருக்கு முதல் தடவையிலேயே பெருந்தண்டம் விதிக்கும் ஊர் அதை வசூலிக்க முடியாமல் திணறும். வசூலிக்காத தண்டம் விதியையே செல்லாததாக்கிவிடும். முதல் மீறலுக்குக் குழு உறுப்பினர் இருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வது, இரண்டாவதற்கு ஊர்க்கூட்டத்தில் விளக்கம் கேட்பது, மூன்றாவதற்குச் சிறு தொகை அல்லது ஒரு நாள் பொதுவேலை, அதற்கும் மேல் போனால் அந்த ஆண்டின் முறையில் கடைசி இடம் என்று படிப்படியாக உயர்த்த வேண்டும். சாதி விலக்கம், பேச்சுவார்த்தை முறிப்பு, குடிநீர் மறுப்பு போன்றவை தண்டமாக ஒருபோதும் வரக் கூடாது. அவை சட்ட விரோதம், மனித விரோதமும் ஆகும். வறுமையால் விதியை மீறியவரையும் பேராசையால் மீறியவரையும் ஒன்றாக நடத்துவது நியாயமன்று என்பதைக் குழு ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி மந்தையில் வாசிக்க வேண்டும். கணக்கு வாசிக்கப்படாத ஊரில் அடுத்த ஆண்டு தலைக்கட்டு வரி (வீட்டுக்கு இவ்வளவு என்ற ஊர்வரி) சேராது.

ஆக்கிரமிப்பை அகற்றுதல்

இதுவரை சொன்னவை நடந்திருந்தால், இந்த இடத்துக்கு வரும்போது ஊரின் கையில் அளவை செய்த எல்லையும், தீர்மானமும், பயனாளர் பட்டியலும் இருக்கும். 1905ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி, ஆக்கிரமிப்பாளருக்கு 7ஆவது பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டு, அதன் பிறகு 6ஆவது பிரிவில் வெளியேற்ற ஆணை பிறப்பிக்கப்படும். நீர்வளத் துறையின் ஏரி, கண்மாய்களுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் தனியே உள்ளது. பஞ்சாபில் ஊர்ப் பொதுக் குளத்தை மேடாக்கிக் கட்டடம் எழுப்பிய வழக்கில், ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு என்ற பெயரில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஊர்ப் பொதுநிலங்களின் சட்டவிரோத ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில அரசுகளுக்கும் ஆணையிட்டது. நெடுங்காலம் அனுபவித்ததும், பெருஞ்செலவில் கட்டியதும், அரசியல் செல்வாக்கும் ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் காரணமாகா என்று அந்தத் தீர்ப்பு கூறுகிறது. அதே தீர்ப்பு, நிலமற்ற தொழிலாளருக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ அரசு அறிவிப்பின்படி குத்தகை தரப்பட்ட இடங்களையும், பள்ளி, மருந்தகம் போன்றவை ஏற்கெனவே உள்ள இடங்களையும் விதிவிலக்காகக் கருதலாம் என்றும் சொல்கிறது. மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடலாம்.

எந்த ஆக்கிரமிப்பை முதலில் எடுப்பது என்பதை ஊரே முடிவு செய்ய வேண்டும். நீரோட்டத்தை மறிப்பவையும், பெரும்பரப்பை வளைத்தவையும் முதலில் வர வேண்டும். ஊரின் செல்வாக்குள்ள குடும்பத்தின் தென்னந்தோப்பைத் தொடாமல், கரையோரத்தில் குடிசை போட்ட ஏழைக் குடும்பங்களை மட்டும் வெளியேற்றும் ஊர், பொதுநிலத்தின் பெயரால் அநீதி செய்கிறது. வேறு இடமில்லாத குடும்பங்களுக்கு மாற்று வீட்டுமனை கோரும் தீர்மானமும் அகற்றக் கோரும் தீர்மானமும் ஒரே நாளில், ஒரே கூட்டத்தில் நிறைவேற வேண்டும். தாமே முன்வந்து விட்டுக்கொடுப்பவருக்கு அறுவடை முடியும் வரை காலம் கொடுக்கலாம். மனுக்களுக்குப் பதில் வராதபோது உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுக்கும் வழி இருக்கிறது. ஆனால் வழக்கு நடக்கும் காலம் முழுவதும் மீதி நிலத்தில் மேய்ச்சலும் நீர்ப் பங்கீடும் தடையின்றி நடக்க வேண்டும்.

மீட்ட நிலத்தில் அதே பருவத்திலேயே பயன்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும்: எல்லைக்கல், அதையொட்டி ஆழமான அகழி, உள்ளே புல் விதைப்பு, மேய்ச்சல் முறைப் பட்டியலில் அந்தப் புல எண்ணும் சேர்ப்பு. ஒவ்வோர் ஆண்டும் ஜமாபந்திக்கு முந்தைய மாதத்தில் எல்லை நடையை மீண்டும் நடத்தி, கற்களை எண்ணி, மாறுதல்களைப் பொதுச் சொத்துப் பதிவேட்டில் எழுதி, அதன் நகலை ஜமாபந்தியில் மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். ஊராட்சித் தலைவர் மாறும்போது இந்தப் பதிவேடும், நில அளவையின் நகலும், தண்டக் கணக்கும் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் புதியவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இன்னொரு முழு நகல், பயனாளர் குழுவில் நிலமில்லாத உறுப்பினர் ஒருவரின் பொறுப்பில் எப்போதும் இருக்க வேண்டும்.